தலையணைப் பேஷன்ட்

எட்டு நிமிஷத் தேர்வு. அந்த எட்டு நிமிஷத்தில் சைரன் ஒரு தப்பும் செய்யவில்லை. கையுறை மாட்டினார். சுற்றும் முற்றும் பார்த்து, இடத்தில் ஆபத்து எதுவும் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். தரையில் கிடந்த ரப்பர் பொம்மையின் பக்கத்தில் மண்டி போட்டார். அந்தப் பொம்மைதான் பேஷன்ட். அதற்கு நினைவு இருக்கிறது, நெஞ்சு வலிக்கிறது என்று நாமாக வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சை எண்ணினார், ஆக்சிஜன் மாஸ்க் மாட்டினார், நாடி பார்த்தார், கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். எல்லாம் கச்சிதம். எழுந்து நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், தேர்வாளர் தன் கையில் இருந்த தாளைத் திருப்பிக் காட்டுகிறார். முப்பத்திரண்டு கட்டம். முப்பத்திரண்டும் காலி.

"ஏன் சார்?"

"நீங்க ஒண்ணுமே சொல்லலையே."

"செஞ்சேனே சார்."

"சொல்லாதது செய்யாதது. இந்தத் தேர்வுக்கு அதான் சட்டம். நாடி பாக்குறேன்னு வாயால சொல்லணும், எவ்வளவு இருக்குன்னு சொல்லணும். மணிக்கட்டுல நீங்க கை வச்சது நாடி பாக்கவா, கொசு அடிக்கவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சட்டம் தெரியாத ஆளா சைரன்? ரெண்டு வருஷமாகப் பயிற்சி மேடம் தொண்டை கிழியக் கத்தியது அதைத்தானே! தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் வாய் திறக்க வேண்டுமே. பதினொரு வருஷமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். வண்டிதான் ஊரைக் கூட்டுமே தவிர, இவர் வாயிலிருந்து நாலு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு நரை தட்டிவிடும். அதனால்தான் ஆம்புலன்ஸ் ஸ்டேஷனில் எவனோ ஒரு குசும்பன் இவருக்கு 'சைரன்' என்று பெயர் வைத்தான். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

வீட்டில் மட்டும் பெரிதாகப் பேசினாரா என்றால் அதுவும் இல்லை. பேச்சு இலாகா முழுக்க மனைவி கையில் இருந்தது. பால்காரரிடம் பேசுவது, வீட்டுக்காரரிடம் பேசுவது, மகளைத் திட்டுவது, திட்டியபின் சமாதானம் செய்வது எல்லாம் அந்த அம்மாள்தான். இவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவள் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. மகள் வேலைக்கு வேறு நாட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "சாப்டியாப்பா?" "ம்." "மாத்திரை போட்டியா?" "ம்." "சரிப்பா, வச்சிடறேன்." இவருக்கும் பேச ஆசைதான். என்ன பேசுவது என்று யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்துவிடுவாள். பாவம், அவளுக்கும் வேலை இருக்கும்.

சரி, இப்படிப்பட்ட மனுஷருக்கு நாற்பத்தாறு வயசில் பாராமெடிக் ஆகவேண்டும் என்று என்ன தலையெழுத்து? அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பகல் நேரம். சாரம் சரிந்து பெயின்டர்கள் ரெண்டு பேர் விழுந்துவிட்டார்கள். வண்டியில் சிகிச்சை பார்க்கிற பாராமெடிக் ஒரே ஆள். மூச்சுக்குத் திணறியவனிடம் அவர் உட்கார்ந்துவிட்டார். இன்னொருவன் சுவரோரமாகக் கிடந்தான், கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அவன் சைரனின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "சார், நீங்க டாக்டரா?" என்று கேட்டான்.

"இல்லப்பா, டிரைவர்."

அவன் சட்டையை விட்டுவிட்டான்.

அவ்வளவுதான் நடந்தது. அவன் பிழைத்தான், காலும் சரியாகிவிட்டது என்று பின்னால் கேள்விப்பட்டார். ஆனாலும் அந்தக் கை சட்டையை விட்டது இவருக்கு ஆறவே இல்லை. அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. சும்மா விட்டுவிட்டானே! அடுத்த வண்டி வரும்வரை ஏழு நிமிஷம் இவர் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பயப்படாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் படிப்பு எதுவும் வேண்டியதில்லை. அதுகூட வாயில் வரவில்லை.

எட்டு வருஷம் வண்டி ஓட்டிய டிரைவர்கள் பாராமெடிக் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று துறையில் ஒரு சுற்றறிக்கை வந்தபோது, அதைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டால் போதுமா? பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் செய்திருக்க வேண்டும், அதிலும் உயிரியல் இருக்க வேண்டும். இவரோ பத்தோடு மூட்டை கட்டியவர். வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்று உருப்போட்டார். மற்ற டிரைவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! முதல் தடவை வேதியியலில் போயிற்று. மறு தடவை எல்லாம் பாஸ். அப்புறம் உடல் தகுதிச் சோதனை, கண் சோதனை, நுழைவுத் தேர்வு. அதற்கப்புறம்தான் ரெண்டு வருஷப் படிப்பு. காலையில் வகுப்பு, மதியத்துக்குமேல் வண்டி. வகுப்பில் இருபத்திரண்டு பேர், எல்லாம் இருபது வயசுப் பிள்ளைகள். "அங்கிள், நகருங்க, போர்டு தெரியல" என்பார்கள்.

எலும்பு இருநூற்றாறு. மருந்து அறுபது, ஒவ்வொன்றுக்கும் அளவு. நெஞ்சை அழுத்தினால் அஞ்சு சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, ஆறைத் தாண்டக்கூடாது, நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது. அவசரப் பிரிவில் இருநூறு மணி நேரம் நிற்க வேண்டும். பிரசவ வார்டில் பத்துப் பிரசவம் பார்க்க வேண்டும். முதல் பிரசவத்தில் சைரனே சாய்ந்துவிட்டார், அவருக்குத் தண்ணீர் தெளிக்க ஒரு நர்ஸ் வேண்டியிருந்தது. நரம்பில் ஊசி ஏற்றுவது ஐம்பது தடவை. ஒவ்வொன்றுக்கும் பதிவுப் புத்தகத்தில் சீனியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எல்லாம் வாங்கினார். எழுத்துத் தேர்விலும் நல்ல மார்க். கடைசியில் இந்தச் செய்முறையில், வாயைத் திறக்காத குற்றத்துக்கு, மண்ணைக் கவ்வினார்.

மறுவாய்ப்பு ஒன்றுதான். அஞ்சு வாரம் கழித்து. அதிலும் போனால் போனதுதான், டிரைவர்களுக்குத் துறை ஒரு முறைதான் படிக்க அனுமதி தரும். பிறகு ஆயுசுக்கும் ஸ்டீயரிங்தான். பாஸ் ஆனாலும் ஒரு சங்கடம் உண்டு. ஓட்டிய ஸ்டேஷனிலேயே பாராமெடிக்காகப் போட மாட்டார்கள், வேறு ஊருக்குத்தான் போகவேண்டும். அதனால் என்ன, எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்று சைரன் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பயிற்சி மேடத்துக்கு வயசு முப்பதுதான் இருக்கும். தேர்வு முடிந்த அன்று சைரனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "சார், உங்க கை வேலைய குறை சொல்றதுக்கு இல்ல. வாய்தான் தகராறு. வீட்ல யாரையாச்சும் படுக்க வச்சு, சத்தமா சொல்லிச் சொல்லிப் பழகுங்க. இந்தப் பசங்க எல்லாம் அப்படித்தான். ஒருத்தி அவ தம்பிக்குக் கட்டுப் போட்டுப் போட்டே பாஸாயிட்டா."

"சரி மேடம்" என்றார். வீட்டில் யார் இருக்கிறார்கள் படுக்க வைக்க? அதை அவளிடம் சொல்லவில்லை.

வீடு என்றால் ஒரு அறை, ஒரு சமையல் மூலை. மூன்றாவது மாடி. அன்றைக்குச் சாயங்காலம் ரெண்டு தலையணையை நீளவாக்கில் சேர்த்துக் கட்டி, தன் பழைய காக்கிச் சட்டையை மாட்டி, பொத்தானும் போட்டுத் தரையில் படுக்க வைத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த மாதிரி இருந்தது. சோதனைப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார். ஏழரை மணிக்கு மண்டி போட்டு உட்கார்ந்தார்.

கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்புறம் ஒரு வழியாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பட்டியலைப் பார்த்து எழுத்துக் கூட்டுகிற மாதிரி வாசிக்க ஆரம்பித்தார். "கையுறை போட்டுட்டேன். இடம் பாதுகாப்பா இருக்கு. ஒரே ஒரு பேஷன்ட். வணக்கம், நான் ஆம்புலன்ஸ்லேருந்து வர்றேன். உங்களத் தொட்டுப் பாக்கலாமா? பயப்படாதீங்க. நான் உங்க பக்கத்துலயே இருக்கேன். இப்போ ஆக்சிஜன் மாஸ்க் வைக்கிறேன்..." அந்த வீட்டில் அவர் குரல் அவருக்கே புதுசாக இருந்தது. யாரோ வீட்டுக்கு வந்திருக்கிற மாதிரி.

தினமும் ஏழரை. ஒரு நாளைக்கு நாலு தடவை, அஞ்சு தடவை. மூன்று வாரத்தில் பட்டியல் தலைகீழாக வந்தது. தாளைச் சுவரிலிருந்து பிய்த்து உள்ளே வைத்துவிட்டார். அங்கேதான் சனி பிடித்தது. தாள் இருந்தவரை எழுதியிருக்கிறதே என்று எல்லாவற்றையும் வாசித்தவர், தாள் போனதும் ஒரு இடத்தில் தாவ ஆரம்பித்தார். "தொட்டுப் பாக்கலாமா" என்று கேட்பார், நேரே மாஸ்க்குக்குப் போய்விடுவார். நடுவில் இருந்த 'பயப்படாதீங்க, நான் உங்க பக்கத்துலயே இருக்கேன்' என்ற வரி கழன்று போயிற்று. மறதி என்று மட்டும் சொல்ல முடியாது. ஆளில்லாத வீட்டில், பஞ்சு மூட்டையைப் பார்த்து, நான் பக்கத்தில் இருக்கேன் என்று சொல்லும்போதெல்லாம் அவர் பார்வை காலிக் கட்டிலுக்குப் போயிற்று. மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லவில்லை. அந்தப் பெயின்டரிடம் சொல்லவில்லை. இப்போது தலையணையிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மனசு முரண்டு பிடித்தது.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டிலிருந்து சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. டொக், டொக்.

அடுத்த வீட்டில் எக்ஸ்சேஞ்ச் அம்மா என்று ஒருவர் இருந்தார். தனி ஆள், அறுபத்தஞ்சு வயசு. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி, அதனால் படி இறங்குவது அபூர்வம். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சைரன் தலையை ஆட்டுவார், அந்த அம்மாவும் தலையை ஆட்டும். மூணு வருஷ அக்கம்பக்கத்தில் நடந்த பேச்சுவார்த்தை மொத்தமே அவ்வளவுதான்.

தட்டுகிற சத்தத்தைக் கேட்டதும் சைரனுக்குக் கூசிப்போயிற்று. பாவம், வயசானவங்க, தினமும் இவன் என்ன கத்துகிறான் என்று இருக்காதா? குரலைத் தணித்தார். மறுநாளும் மாஸ்க்கைக் கையில் எடுக்கிற நேரம் டொக், டொக். சுவரோரம் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டார். அதற்கு மறுநாள் தட்டு இன்னும் பலமாக விழுந்தது. என்னடா இது, பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றமா என்று நொந்துகொண்டார். கிசுகிசுவென்று ரகசியம் பேசுகிற மாதிரி சொல்லிப் பார்த்தார். ம்ஹூம். அன்றைக்கு மூன்று முறை தட்டு. போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கதவு வரை போவார். என்ன சொல்லி ஆரம்பிப்பது? திரும்பி வந்துவிடுவார்.

தேர்வு நாள் வந்தது. அதே அறை, அதே பொம்மை, ஆனால் தேர்வாளர் வேறு, ஒரு பெண்மணி. "பட்டியல்ல நட்சத்திரம் போட்டது மூணு இருக்கு. அதுல ஒண்ணு விட்டாலும் மார்க்கே பாக்க மாட்டேன், ஃபெயில்தான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஸ்டாப் வாட்ச்சை அழுத்தினார்.

சைரன் வாயைத் திறந்தார். வந்தது! "கையுறை போட்டுட்டேன். இடம் பாதுகாப்பா இருக்கு. ஒரே ஒரு பேஷன்ட்." கதவருகில் நின்ற பயிற்சி மேடம் கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டாள். "வணக்கம், நான் ஆம்புலன்ஸ்லேருந்து வர்றேன். உங்களத் தொட்டுப் பாக்கலாமா?"

"பாருங்க" என்றார் பொம்மைக்குக் குரல் கொடுத்த தேர்வாளர்.

சைரன் மாஸ்க்கைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். தோள் ரெண்டும் தானாகச் சுருங்கியது. ரெண்டு வாரமாக இந்த மாஸ்க்கை எடுத்தபோதெல்லாம் சுவரில் தட்டு விழுந்திருக்கிறது. உடம்பு அதை எதிர்பார்த்துக் காத்திருந்தது. இங்கே தட்ட யாரும் இல்லை. ஸ்டாப் வாட்ச் ஓடுகிற சத்தம்தான். ஏன் எப்பவும் இந்த இடத்திலேயே தட்டினார்கள்? கையுறை என்றபோது தட்டவில்லை, நாடி என்றபோது தட்டவில்லை. சத்தம் பிடிக்காதவர்கள் எங்கே வேண்டுமானாலும் தட்டியிருக்கலாமே! இந்த மாஸ்க்குக்கு முன்னால் என்ன இருக்கிறது?

இருக்கிறது. ஒரு வரி இருக்கிறது.

மாஸ்க்கைக் கீழே வைத்தார். பொம்மையின் கையைப் பிடித்தார். "பயப்படாதீங்க" என்றார். "நான் உங்க பக்கத்துலயே இருக்கேன்."

தேர்வாளர் தலையைக் குனிந்து ஒரு கட்டத்தில் டிக் அடித்தார். நட்சத்திரம் போட்ட கட்டம் அது என்று சைரனுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

முப்பத்திரண்டுக்கு முப்பது. பயிற்சி மேடம் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினாள். அன்றைக்கு மறுதேர்வுக்கு வந்திருந்த பிள்ளைகள் "அங்கிள், கலக்கிட்டீங்க!" என்று கத்திவிட்டு அவரவர் வீட்டு ஆட்களோடு போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள். ஒரு அம்மா தன் மகனின் கன்னத்தை வழித்துக்கொண்டிருந்தாள். சைரன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மகளுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே விடியவில்லையோ என்னவோ. ஸ்டேஷனுக்குப் போனால், பாஸானால் கொடுக்கச் சொல்லி முன்கூட்டியே வந்திருந்த புது ஊர் ஆர்டரை நீட்டினார்கள். பத்தாம் தேதி போய்ச் சேரவேண்டும், இன்னும் ஒன்பது நாள். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

சட்டை போட்ட தலையணை தரையில் அப்படியே கிடந்தது. "பாஸாயிட்டேன்" என்றார் அதனிடம். சொல்லிவிட்டு அவருக்கே அசிங்கமாக இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தார். ஆறு வருஷமாக ஆசைப்பட்டது கைக்கு வந்திருக்கிறது, அதைச் சொல்ல ஒரு நாதி இல்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது, ஆனால் வரவில்லை. விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். ஏழரை ஆயிற்று. ஏழே முக்கால் ஆயிற்று.

கதவு தட்டப்பட்டது. இந்தத் தடவை சுவர் இல்லை, கதவு.

திறந்தால் எக்ஸ்சேஞ்ச் அம்மா. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்றது. "என்ன தம்பி, இன்னைக்கு லீவா?"

சைரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மன்னிச்சிடுங்கம்மா. ரொம்ப நாளாத் தொந்தரவு குடுத்துட்டேன். பரீட்சைக்காகத்தான். முடிஞ்சிடுச்சு. இனிமே சத்தம் இருக்காது."

"பாஸா?"

"பாஸ்மா."

"அப்பாடா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டது அந்த அம்மா. அப்புறம்தான் அவர் சொன்னது காதில் ஏறியது போல. "தொந்தரவா? யார் சொன்னா தொந்தரவுன்னு?"

"தினமும் சுவத்துல தட்டினீங்களே."

"தட்டாம? நீங்க பாட்டுக்கு ஒரு வரிய முழுங்கிட்டு முழுங்கிட்டுப் போனா? முப்பது வருஷம் ஹெட்போன காதுல மாட்டிக்கிட்டு உக்காந்தவ நான், ஒரு நம்பர் விட்டுப்போனாக்கூட எனக்குத் தாங்காது. தட்டினா குரலை வேற குறைக்கிறீங்க. சுவத்துல எதையோ வேற தொங்கவிட்டு அமுக்குறீங்க. எனக்கு எப்படி எரிச்சலா வந்துச்சு தெரியுமா?"

சைரன் சுவரில் தொங்கிய கம்பளியைத் திரும்பிப் பார்த்தார். "நேரா வந்து சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"நீங்க மட்டும் வந்தீங்களா?" அந்த அம்மா சிரித்தது. சிரிப்பு அடங்கியபிறகு மெதுவாகப் பேசியது. "மத்ததெல்லாம் எனக்கு என்னத்துக்கு தம்பி? நாடி எழுபதா எண்பதான்னு எனக்கென்ன. அந்த ஒரு வரிக்காகத்தான் ஏழரைக்கு டிவிய அணைச்சிட்டு, நாற்காலிய சுவத்துகிட்ட இழுத்துப் போட்டுக்குவேன். கடைசியா எப்ப சாப்ட்டீங்கன்னு நீங்க கேப்பீங்கல்ல, அதுக்கு நான் அங்கேருந்து பதில் சொல்லுவேன். மதியம் ஒரு மணிக்குன்னு. உங்களுக்குக் கேட்டிருக்காது. முதல் மூணு வாரம் எல்லாம் ஒழுங்கா சொன்னீங்க. அப்புறம் திடீர்னு அத நிறுத்திட்டீங்க. ஏன்னு கேக்க எனக்கு உரிமை இருக்கா என்ன? அதான் தட்டினேன்."

பரீட்சையில் மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைச் சைரன் சொன்னார். முழுசாகச் சொன்னார், நடுவில் ஒன்றையும் விடாமல். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதை அந்தக் கட்டடம் கேட்டதே இல்லை. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டது. "அப்ப எனக்கும் அதுல ரெண்டு மார்க் உண்டு" என்றது.

"முழு மார்க்கும் உங்களுதும்மா."

"இனிமே எந்த ஊரு?"

"ரொம்ப தூரம்மா. பத்தாம் தேதி சேரணும்."

"ஓ" என்றது. நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "நல்லாப் போய்ட்டு வாங்க. நிஜ ஆளுங்ககிட்ட சொல்ற வேலையாச்சே. விடாம சொல்லுங்க." சுவரைப் பிடித்துப் பிடித்துத் தன் வீட்டுக்குப் போய்விட்டது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் நாற்காலி இழுபடுகிற சத்தம். இத்தனை நாள் அந்தச் சத்தத்தையும் இவர் கேட்டுத்தான் இருக்கிறார், என்னவென்று தெரியாமல்.

சைரன் விளக்கைப் போட்டார். சுவரில் தொங்கிய கம்பளியைக் கழற்றி மடித்து வைத்தார். தலையணையின் சட்டையை இழுத்துவிட்டு, பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, நல்ல சத்தமாக ஆரம்பித்தார். "கையுறை போட்டுட்டேன். இடம் பாதுகாப்பா இருக்கு. ஒரே ஒரு பேஷன்ட். வணக்கம், நான் ஆம்புலன்ஸ்லேருந்து வர்றேன். உங்களத் தொட்டுப் பாக்கலாமா?"

வேண்டுமென்றே நிறுத்தினார். அடுத்த வரியைச் சொல்லவில்லை. காத்திருந்தார்.

டொக், டொக்.

"பயப்படாதீங்க" என்றார், சுவரைப் பார்த்து. "நான் உங்க பக்கத்துலயே இருக்கேன்." இன்னும் ஒன்பது நாள்தான்.